கலத்தின் பூச்சும் உண்டியின் சுவையும்

மேலைநாட்டுப் புகைக்குழாய்ப் பற்றாளரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. குழாய்க் கிண்ணத்தின் மேற்புறத்தில் ஏற்றப்பெறும் அரக்கும் மெழுகும் சாயமும் புகையின் சுவையை மாற்றுமா, மாற்றாதா என்பதே அவ்வழக்கு. மரம் மூச்சுவிட வேண்டும், அரக்கு அதன் நுண்துளைகளை அடைத்துவிடும், ஆதலின் புகை கசக்கும் என்பது ஒரு சாரார் கூற்று. புகை தண்டின் வழியே வாய்க்கு வருகின்றதேயன்றிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை, ஆதலின் மேற்பூச்சுக்கும் சுவைக்கும் தொடர்பில்லை என்பது மறுசாரார் கூற்று. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினா, நம் வட்டாரத்து அடுப்பங்கரையிலும் மாங்கூழ் ஆலையிலும் வேறு வடிவில் எழுவதாலும், அங்கே அது உயிர் காக்கும் வினாவாக மாறிவிடுவதாலும், அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

புகைக்குழாய் பெரும்பாலும் பிரையர் என்னும் மத்தியதரைக்கடல் நாட்டுப் புதர்ச்செடியின் வேர்முண்டிலிருந்து கடையப்படுவது. கடைந்தபின் கார்னோபா மெழுகு தேய்த்து மெருகேற்றுவர். மலிவான குழாய்களுக்கு அரக்கு பூசுவர். எரியும் இலையோ கிண்ணத்தின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது. எனவே முதன்மையாகக் கருதத்தக்கது உட்புறமே. புதுக் குழாய்களுள் சிலவற்றின் உட்சுவரில் சோடியம் சிலிகேட்டுடன் கரித்தூள் கலந்து பூசியிருப்பர். அப்பூச்சின் வாடை முதற் சில முறை நாவில் தட்டுப்படும் என்பர். நாளடைவில் உட்சுவரில் மெல்லிய கரிப்படலம் ஒன்று தானே படிகின்றது. அது படிந்தபின் மரத்தின் வாடை மறைகின்றது. நம் வீடுகளில் புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவதும், மாக்கல் சட்டியைக் கஞ்சி ஊற்றிப் பழக்குவதும் இதற்கு ஒப்பானவை. ஆக, மேற்பூச்சு சுவையை மாற்றுவது இரண்டு வழிகளாலேதான் இயலும். ஒன்று, வெப்பத்தால் அரக்கு இளகி அதன் வாடை அருகிலுள்ள மூக்கில் ஏறுதல். மற்றொன்று, கண்ணுக்கு அழகாக இருப்பது நாவுக்கும் நன்றாக இருக்கும் என்று மனம் முன்னரே தீர்மானித்துக்கொள்ளுதல். இவ்விரண்டும் பொய்யல்ல. ஆயினும், மரம் மூச்சுவிடுதல் என்னும் கோட்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை.

எப்பூச்சு இருப்பினும் இல்லாதொழியினும் புகையிலையின் நஞ்சு ஒன்றே என்பதையும் இவ்விடத்தே சொல்லிவிடுதல் நலம்.

புகையிலை இந்நாட்டு அரசவையேறிய வரலாறும் நமக்கு அண்டையிலுள்ள கன்னட நாட்டோடு தொடர்புடையது. அக்பரின் அவையைச் சார்ந்த அசத் பேக் என்பார் 1604-05 அளவில் பீசப்பூரிலிருந்து புகையிலையையும் அணிகள் பதித்த குழாயையும் கொணர்ந்து பேரரசர்முன் வைத்தார் என்பது அவரே எழுதிவைத்த செய்தி. அக்பரின் மகன் ஜகாங்கீர் 1617-இல் புகைத்தலைத் தடைசெய்தார். தடை நில்லாது போயிற்று. ஹுக்கா பரவிற்று. அதன் அடிக்கலத்தைச் செய்வதில் பீதர் நகரத்துக் கைவினைஞர் பெரும்புகழ் பெற்றனர். துத்தநாகம் மிகுதியாகவும் செம்பு குறைவாகவும் கலந்து வார்த்து, வெள்ளிக் கம்பி பதித்து, பீதர்க் கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த நீரால் கறுக்கச்செய்யும் அவ்வேலைப்பாடு இன்றும் பிதிரி எனப் போற்றப்படுகின்றது. அத்துணை அழகும் கண்ணுக்கே. உள்ளே இருப்பது நீர். இலை எரிவதோ மேலுள்ள சுட்ட மண் சிலும்பியில். பிதிரிக் கலத்தின் கருமை புகையின் சுவையை எள்ளளவும் மாற்றுவதில்லை. இதில் பயன்படும் நவச்சாரத்தை மறவாமல் நினைவிற் கொள்க. வேறொரு தொழிலில் அதனை மீண்டும் காண்போம்.

நாவறியும் உலோகம்

புகையை விட்டு உணவுக்கு வருவோமாயின் வழக்கு எளிதில் தீர்கின்றது. இலண்டன் மாநகரில் சில ஆண்டுகட்கு முன் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே வடிவுடைய கரண்டிகளின்மீது பொன், வெள்ளி, துத்தநாகம், செம்பு, வெள்ளீயம், குரோமியம் ஆகியவற்றைத் தனித்தனியே முலாம் பூசி, எவர்சில்வர் கரண்டியொன்றையும் சேர்த்து, கண்ணைக் கட்டிச் சுவைக்கச் செய்தனர். துத்தநாகமும் செம்பும் கசப்பும் உலோகச் சுவையும் மிக்கன எனவும், பொன்னும் குரோமியமும் ஏறத்தாழச் சுவையற்றன எனவும் சுவைத்தோர் கூறினர். 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் இம்முடிவுகள் வெளியாயின. முலாமின் கனமோ மிகச் சிறிது. எனினும் நா அதனைக் கண்டுகொண்டது. எச்சிலில் கரையும் உலோகத் துகளே இதற்குக் காரணம். கரையாத உலோகத்திற்குச் சுவையில்லை.

மூக்கின் பங்கும் இதில் உண்டு. இரும்பைத் தொட்ட கையில் எழும் மணம் இரும்பின் மணமன்று. தோலின் எண்ணெய்ப் பசையை இரும்பு சிதைப்பதால் எழும் கரிமச் சேர்மங்களின் மணம் என்று 2006-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. இரும்பின் மணம் என்று நாம் கருதியிருந்தது நம்முடைய மணமே போலும்!

ஈயமும் கடாரமும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் வழங்குகின்றன. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயம் ஏற்றும் தொழிலைத் தமிழர் ஈயம் பூசுதல் என்பர். உருதுவிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்குக் கலாய் என்பதே பெயர். தமிழிலும் அச்சொல் வழங்குவதுண்டு. இதன் மூலம் வெள்ளீயத்தைக் குறிக்கும் கலஈ என்னும் அரபுச் சொல்லாகும். அராபிய நிலநூலார் கலா என்றொரு துறைமுகத்தைக் குறித்து, அங்கிருந்து வெள்ளீயம் வருவதாக எழுதினர். அத்துறைமுகம் மலேயத் தீபகற்பத்திலுள்ள கெடா என்று அறிஞர் பலர் கருதுவர்.

கெடாவைத் தமிழர் கடாரம் என்றனர். 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை சென்ற கடாரம் அதுவே. பட்டினப்பாலை கூறும் காழகத்திற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை கண்டார். தமிழில் கடாரம் என்னும் சொல்லுக்குக் கொப்பரை என்னும் பொருளும் உண்டு. பெருங்கலத்தின் பெயரும் அதன் உட்பூச்சு விளைந்த நாட்டின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயலோ, வணிகத்தின் சுவடோ என்பது சொல்லாராய்ச்சியாளர் தீர்க்கவேண்டியது. நமக்கு இவ்வளவே போதும்: விருந்துக்கு நெய்ச்சோறு சமைக்கும் தேக்சாவின் உட்புற வெண்மை கடல் கடந்து வந்த வெண்மையாகும்.

ஈயம் பூசும் முறை காணத்தக்கது. புளியும் மணலும் இட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கறை போக்குவர். தரையில் சிறுகுழி தோண்டிக் கரி நிரப்பித் துருத்தியால் ஊதுவர். பாத்திரம் நன்கு சூடேறியதும் உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவர். நவச்சாரம் வெப்பத்தால் பிரிந்து, அமிலம் ஒன்றை வெளியிட்டு, உலோகத்தின்மீது படிந்த ஆக்சைடைத் தின்றுவிடுகின்றது. குபுகுபுவென எழும் வெண்புகை அதனுடையதே. துப்புரவான அத்தளத்தின்மீது ஈயக் கட்டியை ஒருமுறை இழுத்தால் அது உருகிப் படர்கின்றது. வெள்ளீயம் உருகுவதற்கு 232 பாகை வெப்பமே வேண்டும். செம்புக்கோ 1085 பாகை வேண்டும். ஆதலின் பாத்திரத்துக்குத் தீங்கின்றி ஈயம் மட்டும் உருகும். உடனே பஞ்சால் ஒரு சுற்றுத் துடைக்க, பழுப்பாயிருந்த பாத்திரம் கண்ணாடிபோல் வெளுக்கும். ஈயம் பூசியது போலவும் இருக்கவேண்டும், பூசாதது போலவும் இருக்கவேண்டும் என்று ஊரார் கேலியாகச் சொல்லும் தொடர், அப்படலத்தின் மென்மையை நன்கறிந்தவர் வாயிலிருந்தே பிறந்திருக்கவேண்டும்.

"பாய், போன தடவை பூசினது மூணு மாசங்கூட நிக்கலியே?"

"செங்கப்பொடி போட்டுத் தேய்ச்சா எப்படிக்கா நிக்கும்? வெறும் சாம்பல், தேங்கா நாரு, அது போதும்."

தெருவில் ஈயம் பூசுவோர் வந்துபோன நாள்களில் வீட்டுக்கு வீடு கேட்ட உரையாடல் இது. பூசுவோர் சொல்வதே வேதியியலுக்கும் ஒத்தது. வெள்ளீயம் மிக மெல்லிய உலோகம். கடுமையாகத் தேய்ப்பின் நில்லாது.

பூச்சு நீங்கிய பித்தளையில் புளிக்குழம்போ மோரோ இருந்தால் நிகழ்வது யாவரும் அறிந்ததே. பசுமை படர்ந்து களிம்பு ஏறும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை கூறினர். உவமைக்கு எடுக்கும் அளவுக்கு அது அன்றாட அனுபவமாக இருந்தது போலும். புளிப்பில் கரைந்த செம்பு நாவில் கசப்பாகவும் குமட்டலாகவும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அவ்வளவை ஒட்டியே மாந்தர் பலருக்கு அதன் சுவையும் தட்டுப்படத் தொடங்குகின்றது. எனவே செம்பு ஒருவகையில் நேர்மையான பகை. வரும்போதே தன்னை அறிவித்துவிடுகின்றது.

எல்லாவிடத்தும் அவ்வாறன்று. பாலைப் பித்தளைப் பாத்திரத்திற் காய்ச்சி அதிலேயே வைத்துக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டும் வழக்கம் இந்நாட்டிற் பலவிடங்களில் இருந்தது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் செம்பைப் பற்றி இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. இந்தியக் குழந்தைகளுக்கென்றே உரியது போலத் தோன்றி, ஈரல் சுருங்கிச் சாகடித்த நோய் ஒன்றுக்கு இப்பால் காரணமாகலாம் என்று புனே நகர மருத்துவர்களும் பிரித்தானிய மருத்துவர்களும் 1983-இல் லான்செட் இதழில் எழுதினர். மரபுக்கூறும் அதில் கலந்திருக்கலாம் என்பாரும் உளர். பாத்திரங்கள் மாறிய பின்னர் அந்நோய் மிக அரிதாயிற்று என்பது மட்டும் மறுக்கவியலாதது. உட்புறத்தில் ஒரு மெல்லிய வெண்படலம் நின்றதா, நீங்கிற்றா என்பது தொட்டிலோடு தொடர்புடைய செய்தியாக இருந்திருக்கின்றது. முறையாக ஈயம் பூசப்பெறாத செம்பு, பித்தளைக் கலங்களில் உணவைச் சமைத்தலும் வைத்தலும் கூடாது என்று இந்திய உணவுக் கலப்படத் தடை விதிகள் கூறின. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதனையே கூறுகின்றன.

ஈயச் சொம்பு

பூச்சாக அன்றிப் பாத்திரமாகவே வெள்ளீயத்தைக் கொண்ட கலம் ஈயச் சொம்பு. இரசத்துக்கென்றே அது பெயர் பெற்றது. வெறும் சொம்பை அடுப்பிலேற்றினால் உருகி அடுப்பில் வழியும். சாறு உள்ளே இருக்கும்வரை வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்பதால் உருகாது. ஈயச் சொம்பு இரசத்திற்குத் தனிச்சுவை உண்டு என்பார் மிகப் பலர். மேலே கூறிய கரண்டி ஆய்வை நோக்கின், வெள்ளீயம் செம்பைப்போல் நாவைத் தாக்கும் உலோகமன்று. ஆதலின் அத்தனிச்சுவையிற் பாதி, புளியும் பெருங்காயமும் கெடாமல் நிற்பதனால் வருவது என்றும், மீதிப் பாதி பாட்டியின் கைமணத்தை மனம் கூட்டிக்கொள்வது என்றும் கொள்வது தவறாகாது. புகைக்குழாயின் அரக்கைப் பற்றிக் கூறியதும் இதுவேயன்றோ.

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் பொதுவாக நிற்கின்றது. ஒன்று உணவுக்கு உறவு. மற்றொன்று மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் குருதிக்கும் கொடுநஞ்சு. குழந்தைகளுக்கு இவ்வளவு காரீயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் எளிதில் கலந்து உருகும். கலந்தால் தனித்தனியே உருகுவதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். மின்கம்பி பற்றவைக்கும் ஈயக்கம்பி அத்தகைய கலவையே. வாகனத் தொழிலும் மின்னணுத் தொழிலும் செழித்த வட்டாரத்தில் பழைய மின்கலத்துக் காரீயமும் பற்றவைக்கும் ஈயமும் அரிதாகக் கிடைக்கும் பொருள்களல்ல. விலை மலிவாகப் பூசித் தருவதாகச் சொல்பவரிடம், கட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்பது அண்டா வைத்திருப்போர் ஒவ்வொருவருக்கும் உரிமை.

சுவை இங்கே துணைசெய்வதில்லை. செம்பு கசந்து எச்சரிக்கின்றது. காரீயமோ புளிப்பிற் கரைந்தால் இனிக்கின்றது! காரீய அசெட்டேட்டுக்கு மேலைநாட்டார் ஈயச் சர்க்கரை என்றே பெயரிட்டனர். பண்டை உரோமர் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்கக் காரீயக் கலமே ஏற்றது என்றனர். செம்புக் கலம் சுவையைக் கெடுக்கும் என்பதே அவர்கள் கூறிய காரணம். கொலுமெல்லா, பிளினி ஆகிய நூலாசிரியர் இருவரும் அங்ஙனமே எழுதினர். நாவை மட்டும் நம்பியோர் நஞ்சையே நல்லதெனத் தேர்ந்தனர். ஆதலின், பூச்சு சுவையை மாற்றுமா என்று கேட்பதோடு நில்லாமல், சுவையை மாற்றாத பூச்சு எதை மறைக்கின்றது என்றும் கேட்கவேண்டும்.

வீட்டிலேயே பார்க்கத்தக்க சில குறிகள் உண்டு. தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் கிறீச்சென ஒலிக்கும். காரீயம் ஒலிக்காது. காரீயத்தைத் தாளில் தேய்த்தால் எழுதுகோல்போல் சாம்பற்கோடு இழுக்கும். ஒரே அளவுள்ள கட்டியில் காரீயம் ஒன்றரை மடங்கு கனக்கும். எனினும், சிறிதளவே கலந்திருப்பின் இக்குறிகள் ஏமாற்றிவிடும். ஐயமறத் தெளிவதற்கு ஆய்வுக்கூடமே வழி.

மாங்கூழும் தகரப் புட்டியும்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரியினின்று பிரிந்தது. மாங்கனி அதற்கு முன்னும் பின்னும் அதன் அடையாளம். ஆண்டுதோறும் இந்நகரில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நிகழ்கின்றது. சித்தூரும் கிருஷ்ணகிரியும் இந்தியாவின் மாங்கூழ்த் தொழிலுக்கு இரு கண்கள். கிளிமூக்கு எனப்படும் பெங்களூரா வகையே ஆலைகளுக்குப் பெரும்பகுதி போகின்றது. கூழ் 3.1 கிலோ கொள்ளும் தகரப் புட்டிகளிலும், 215 கிலோ கொள்ளும் உருளைகளுக்குள் வைத்த நுண்ணுயிர் நீக்கிய பைகளிலும் அடைக்கப்பெற்றுக் கடல் கடக்கின்றது.

தகரப் புட்டி என்பது இரும்புத் தகட்டின்மீது வெள்ளீயம் ஏற்றியதே. தேக்சாவுக்கும் இதற்கும் வேறுபாடு அளவும் எந்திரமுமேயாகும். சில புட்டிகளின் உள்ளே வெள்ளீயத்தை வெறுமனே விடுவர். சிலவற்றில் அதன்மேல் பிசின் வார்னிஷ் ஒன்றையும் பூசுவர். அன்னாசி, பீச்சு போன்ற வெளிர்நிறப் பழங்களுக்கு வெறும் ஈயமே நன்று என்பது தொழிலறிஞர் துணிபு. புளிப்பில் வெள்ளீயம் தன்னைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு, உள்ளே எஞ்சிய ஆக்சிசனையும் உண்டு, பழத்தின் நிறத்தையும் மணத்தையும் காக்கின்றது. இரும்பையும் அரிக்கவிடாமல் நிற்கின்றது. நாவற்பழம்போல் கருஞ்சிவப்புச் சாறுடைய கனிகளையோ அதே ஈயம் வெளிறச்செய்துவிடும். அவற்றுக்கு வார்னிஷ் இன்றியமையாதது. ஆகவே புட்டியின் உட்பூச்சு சுவையை மாற்றுமா என்னும் வினாவுக்கு ஆலை தரும் விடை, மாற்றும், அதனாற்றான் பழத்துக்கேற்பத் தேர்ந்து பூசுகின்றோம் என்பதாகும். பைகளில் அடைக்கும் முறையில் கூழ் உலோகத்தைத் தொடுவதே இல்லை. குறைந்த நேரமே கொதிப்பதால் புதுப்பழ மணமும் கூடுதலாக நிற்கின்றது.

கரையும் ஈயத்துக்கும் எல்லை உண்டு. புட்டியிலடைத்த உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளீயம் இருத்தலாகாது என்று இந்திய விதி வரையறுக்கின்றது. மிகுந்தால் வயிற்றுப் பிரட்டலும் வாந்தியும் வரும். புட்டியின் மூட்டைக் காரீயங்கலந்த ஈயத்தால் பற்றவைப்பதை அமெரிக்க அரசு 1995-இல் சட்டத்தால் தடுத்தது. வார்னிஷும் குற்றமற்றதன்று. எபாக்சி வகைப் பூச்சிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்னும் பொருள் உணவில் கசிவதால், உணவைத் தொடும் பொருள்களில் அதனைத் தடைசெய்யும் ஆணையை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் பிறப்பித்து, மாறிக்கொள்ளக் கால அவகாசமும் தந்தது. ஐரோப்பியச் சந்தையை நோக்கும் ஆலைகள் எல்லாம் இதனைக் கணக்கிற் கொள்ளவேண்டியுள்ளது.

இன்று வீடுகளில் எவர்சில்வர் வந்து ஈயம் பூசுவோரின் துருத்தியை அவித்துவிட்டது. எவர்சில்வரும் பூச்சற்றதன்று. அதிலுள்ள குரோமியம் காற்றுடன் கூடிக் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலத்தைத் தானே போர்த்திக்கொள்கின்றது. கீறினாலும் உடனே மீளப் போர்த்திக்கொள்ளும். செங்கற்பொடிக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் பித்தளை அண்டாவில் சமைத்த சோற்றின் பதம் எவர்சில்வரில் வாராது என்று சமையற்காரர் சொல்வதில் உண்மையுண்டு. செம்பும் பித்தளையும் வெப்பத்தை எவர்சில்வரினும் பன்மடங்கு விரைவாகப் பரப்புகின்றன. அடி பிடிக்காமல் தம் ஏறுவது அதனாலேயே. அச்சிறப்பு உலோகத்துடையது, ஈயத்துடையதன்று.

மாங்கூழ்ப் புட்டியை வாங்கிப் பயன்படுத்துவோர்க்கு ஒரு சொல். மூடியிருக்கும்வரை உள்ளே காற்றில்லை. திறந்த கணமே ஆக்சிசன் புகுந்து ஈயம் கரைவதை விரைவுபடுத்துகின்றது. வேண்டிய அளவு எடுத்தபின் எஞ்சியதை அப்புட்டியோடு குளிர்ப்பெட்டியில் வையாமல், கண்ணாடிச் சாடிக்கோ எவர்சில்வர்த் தூக்குக்கோ அன்றே மாற்றிவிடவேண்டும்.